ஆட்டுக்குச் சட்டை போட்ட டாக்டர்

எங்கள் தெருவில் சட்டை போடாத ஆடு ஒன்று திரிந்தால், அது வெளியூர் ஆடு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். அந்த அளவுக்கு எங்கள் ஆடுகளை நாகரிகப்படுத்தியவள் ஆட்டு டாக்டர். கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பெண். பெற்றவர்கள் வைத்த நல்ல பெயர் ஒன்றும் இருந்தது. ரேஷன் கார்டைத் தவிர வேறு யாரும் அதை உபயோகித்ததில்லை.

எனக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை. விடுமுறைக்கு வந்தால் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவாள்.

"ஏனுங்ணா, கழிச்ச கை ஏதாச்சும் இருக்குங்களா?"

தையல் பிசகிக் கழித்துப்போட்ட சட்டைக் கைகளைத்தான் கேட்கிறாள். அதை ஆட்டின் காலில் ஏற்றிவிட்டால் புண்ணில் ஈ உட்காராது. பிறகு காலிலிருந்து உடம்புக்கு முன்னேறினாள். மார்கழியில் எங்கள் தெரு ஆடுகள் வெளிநாட்டுக் கால்பந்துக் குழு மாதிரி மேய்ந்தன.

கறிக்கடைக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏங் கண்ணு, நாளைக்கு வெட்டற ஆட்டுக்கு இன்னைக்கு எதுக்குச் சட்டை?"

"நாளைக்கு வரைக்கும் குளிருமுங்களே, மாமா."

மறுநாள் அவர் வெட்டவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பின பையன் மாதிரி நிற்கிறது, கை வரவில்லை என்றார். அந்த ஆடு இன்னமும் கடை வாசலில் கொழுத்து நிற்கிறது. கறி வியாபாரத்துக்கு அதைவிட மோசமான விளம்பரம் கிடையாது.

இவளைத்தான் கல்லூரியில் ஒரு குளிர் நாட்டு விலங்கு ஆராய்ச்சி நிலையத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பல நாட்டு மாணவர்கள் வந்திருந்தார்கள். முடிவில் ஒருவருக்கு மட்டும் அங்கேயே தங்கி ஆராய்ச்சி செய்ய இடம். அந்த இடத்தின் மேல் உயிரையே வைத்திருந்தாள்.

போனில் கதை கதையாகச் சொல்வாள். அங்கே ஆட்டைப் பார்க்கப் போவதற்கு முன் நாம் குளிக்க வேண்டுமாம். ஓர் ஊசி போடுவதென்றாலும், ஆட்டுக்கு வலிக்காமல் செய்ய வழியில்லையா என்று ஒரு குழு உட்கார்ந்து கேட்குமாம்.

"அதுக்கு அவிங்களைக் கும்பிடலாமுங்ணா. ஆனா ஆட்டுக்குப் பேரில்லீங்க, வெறும் நம்பருதான்."

தன் பொறுப்பில் விட்டிருந்த ஆட்டுக்கு மட்டும் ரகசியமாகச் செல்லாத்தா என்று பெயர் வைத்திருந்தாள்.

ஆனால் முதல் நாளே வம்பு. திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம், நல்ல துணியைக் கண்டால் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்க்காமல் இருக்க முடியாது. நிலையத்தின் தலைவி கைகுலுக்க வந்தார். இவள் குலுக்கிய கையோடு அந்த அம்மாளின் சட்டை விளிம்பைத் திருப்பிப் பார்த்துவிட்டாள்.

"நம்மூர்த் தையலான்னு பார்த்தனுங்ணா. எடம் போச்சுங்க" என்று அழுதாள். நானாக இருந்தாலும் திருப்பித்தான் பார்த்திருப்பேன்.

கடைசிப் பரீட்சை, மூச்சை அளக்கும் சின்னக் கருவியை ஆட்டின் மார்பில் பொருத்துவது. காலைவரை அது விழக்கூடாது. எல்லோரும் பெல்ட், பசை நாடா என்று கட்டினார்கள். ஆடுகள் தேய்த்தும் தின்றும் அவற்றைத் தீர்த்துக்கட்டின. இவள் கட்டியதும் சாயங்காலமே அறுந்தது. உடனே அறைக்கு ஓடி, குளிருக்கென்று நான் கொடுத்தனுப்பிய பனியனை எடுத்து, கழுத்தையும் கைகளையும் வெட்டியெறிந்தாள். அதையும் கொதிக்கவைத்த பிறகே உள்ளே விட்டார்களாம். கருவியின் மேல் செல்லாத்தாவுக்கு மாட்டிவிட்டாள். பக்கவாட்டில் தையலே இல்லாமல் குழாய் மாதிரி நெய்த துணி, உடம்போடு ஒட்டிக்கொண்டது. கடிக்க ஒரு நுனி கிடைக்கவில்லை.

காலையில் ஒரே ஓர் ஆட்டின் மார்பில்தான் கருவி இருந்தது. தலைவி வந்தார். செல்லாத்தாவைச் சுற்றிவந்தார். பிறகு குனிந்து, பனியன் விளிம்பைத் திருப்பி, உள்பக்கத் தையலைப் பார்த்தாராம்.

"எடம் எனக்குத்தானுங்ணா" என்றாள் போனில்.

அன்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் முன்பின் தெரியாதவர். நான் சொந்தக்காரர்களிடமே நாலு வார்த்தை பேசாதவன். "எங்க தெருப் பொண்ணுங்க..." என்று ஆரம்பித்தவன், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் பல்லடம் வரைக்கும் போய்விட்டேன்.