மஞ்சள் குடையும் மடிக்கணினியும்

அன்புக்கும் ஆசிக்கும் உரிய தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இறைவன் கருணையால் இங்கே உன் அத்தான், என் மாமியார், நான் மூவரும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் இன்று பொய் சொல்வதில்லை என்று காலைப் பிரார்த்தனையில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருப்பதால் அந்த ஒரு சொல் எழுத வரவில்லை. பயிற்சி முகாமில் கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், கடிதம் மட்டும்தான் கைக்கு வரும் என்றாயே, அதுவும் நல்லதற்குத்தான். போனில் சொல்லியிருந்தால் பாதியில் "சரிக்கா, சரிக்கா" என்று வெட்டிவிட்டிருப்பாய்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அலுவலகத்தில் வெளியே அலைந்து வேலை பார்க்கிற எல்லோருக்கும் ஒரே மாதிரி மடிக்கணினி வாங்கப்போகிறார்கள், விற்பவர்கள் சோதனைக்கு ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள், அதை அன்றாட வேலையில் வைத்துப் பார்த்து நீ அறிக்கை தர வேண்டும், அறிக்கை சரியாக அமைந்தால்தான் பிரிவுத் தலைவர் பதவி உனக்கு என்றாய். "ஆபீஸ்ல யார்கிட்ட கொடுத்தாலும் மூடியத் திறந்து பார்த்துட்டு நல்லா இருக்குன்னு எழுதிடுவாங்கக்கா. நீதான் ஒரு பொருள வறுத்து எடுப்பே" என்றும் சொன்னாய். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். சோதனைப் பையை ஹால் நாற்காலியிலும், உன் சொந்தப் பையை அலமாரியிலும், விற்பனைத் தாளை மேசையிலும் வைத்துவிட்டு ரயிலுக்கு ஓடினாய். மறுநாள் பிரார்த்தனை முடிந்த கையோடு பையை எடுத்துப் பிரித்தேன். அன்று பிடித்தது சனி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். விற்பனைத் தாளில், முகத்தைக் காட்டினால் திறக்கும், ஆனால் முதலில் நம் முகத்தை அதற்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டும் என்று போட்டிருந்தது. எனக்கு அந்தச் சிரமமே இல்லை. மூடியைத் தூக்கினேன், என்னை ஒரு பார்வை பார்த்தது, பிறந்ததிலிருந்து பழகினது மாதிரி திறந்துகொண்டது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஆனால் உன் அத்தானை அது வீட்டுக்குள் சேர்க்கவில்லை. சவரம் செய்துகொண்டு வந்து காட்டினார், கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார், கடைசியில் தன் ஓட்டுநர் உரிமத்தை எடுத்து அதன் கண்ணுக்கு நேரே நீட்டினார். "யாருன்னு தெரியலங்குது, நான் இந்த வீட்டுத் தலைவன்னு நீயாவது எடுத்துச் சொல்லேன்" என்றார். "எனக்கே இப்பத்தான் தெரியுது, அதுக்கு எப்படித் தெரியும்" என்றேன். அன்றைக்கு ராத்திரி அவர் மோர்கூடக் கேட்காமல் படுத்துவிட்டார்.

இனி எடை. தாளில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட என்று போட்டிருக்கிறான். நான் சமையலறைத் தராசில் வைத்தேன், கிட்டத்தட்ட இரண்டு. தராசில் கோளாறோ என்று சர்க்கரைப் பொட்டலத்தை வைத்துச் சரிபார்த்தேன், தராசு உத்தமம். கையில் எடுத்துப் போகவே செய்த பொருள் என்பதால் போகிற இடத்துக்கெல்லாம் எடுத்துப் போனேன். காய்கறிக் கடை, பேருந்து, வங்கி வரிசை, பிரார்த்தனைக் கூடம், மாமியாரின் பல் வைத்தியர், எல்லா இடத்துக்கும் என் தோளில் தொங்கிக்கொண்டே வந்தது. அளவு கொடுக்கப் போன இடத்தில் தையற்காரம்மா நாடாவை இப்படிப் பிடித்தாள், அப்படிப் பிடித்தாள். "ஏங்க்கா, ஒரு தோள் இறங்கிக் கெடக்கே, வீட்ல எதுவும் பிரச்சினையா" என்று காதோரம் கேட்டாள். "பிரச்சினைதான், தம்பி ஆபீஸ் பிரச்சினை" என்றேன். ஆக, இதை வாங்கினால் ஊழியர்கள் எல்லோருக்கும் ஒரு பக்கம் நீளமாகச் சட்டை தைக்கும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூடியின்மேல் பழுப்பு நிறத்தில் அரைவட்டமாக ஒரு முத்திரை இருந்தது. கம்பெனிச் சின்னம் என்று மரியாதையாகத் துடைக்காமல் வைத்திருந்தேன். மாமியார் ஈரத்துணியால் ஒரு இழு இழுத்தார், போயே போய்விட்டது, துணியில் காப்பி வாசம். சொந்த முத்திரையைக்கூட நிற்கிற மாதிரி போடத் தெரியாதவர்கள் உள்ளே என்ன செய்து கிழித்திருப்பார்கள் என்று கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன், எழுத்துகளுக்கு அடியிலிருந்து பிஸ்கட் தூள் கொட்டியது. தொழிற்சாலையில் அந்தப் பிள்ளைகளுக்குச் சாப்பிட ஒரு அறைகூடக் கொடுக்கவில்லை போலிருக்கிறது, வேலை செய்கிற இடத்திலேயே தின்றிருக்கிறார்கள் பாவம், அன்று மாலை அவர்களுக்காகவும் வேண்டிக்கொண்டேன். சூடு பற்றிக் கேட்கவே வேண்டாம், உன் அத்தானின் ஈரக் காலுறையை மேலே போட்டால் நான் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் காய்ந்துவிடுகிறது. விசிறிச் சத்தம் வேறு. கண்ணை மூடி இரண்டு வரி சொல்ல ஆரம்பித்தால் இதுவும் கூடவே ஊம் ஊம் என்கிறது. "அதுக்கும் பக்தி இருக்குடி" என்கிறார் மாமியார். மின்சாரக் கம்பியைப் பிடுங்கினால் உருளைக்கிழங்கு வேகிற நேரம்கூடத் தாங்குவதில்லை, மளிகைக் கணக்கில் சோப்பு வரை வந்தபோது கண்ணை மூடிவிட்டது. நான் வழக்கம்போல நோட்டிலேயே எழுதிக்கொண்டேன்.

உள்ளேயும் ஒரே குப்பை. விற்கிறவன் ஒரு பொருளை வெளியே அனுப்புமுன் பெருக்கித் துடைத்து அனுப்ப மாட்டானா? "கடைசி" என்று ஒரு கோப்பு, "கடைசி புதியது" என்று ஒன்று, "கடைசியிலும் கடைசி", "இதுதான் கடைசி", "இதுதான் கடைசி 2" என்று வரிசையாகக் கிடந்தன. ஒரே பண்டம் ஐந்து டப்பாவில் இருந்தால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கூடையில் போட்டேன். கூடையை அன்றன்றைக்குக் காலி செய்யாமல் நான் படுப்பதில்லை என்பதும் உனக்குத் தெரியும்.

அடுத்தது, திரையில் போட்டிருக்கும் படம். திறந்தவுடன் ஒரு இளம்பெண் மஞ்சள் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நம்மைப் பார்த்துச் சிரிக்கிறாள். மாமியார் தினமும் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளைப் பார்க்கிறார். "இந்த மாதிரி ஒரு பொண்ணு உன் தம்பிக்கு அமைஞ்சா என்ன?"

"விளம்பரத்துக்குக் கூலிக்கு வர்ற பொண்ணுங்க அத்தை."

"கூலிக்குச் சிரிச்சா வாய்தான் சிரிக்கும். இவளுக்குக் கண்ணு சிரிக்குது பாரு."

வேலை செய்கிற கருவியில் இப்படி ஒருத்தியைச் சிரிக்கவிட்டால் எந்த ஊழியன் வேலை பார்ப்பான்? படத்தை எடுக்கத் தெரியாததால் ஒரு துண்டைத் தொங்கவிட்டிருக்கிறேன்.

மனசாட்சிக்கு விரோதமில்லாமல் இன்னொரு நல்லதையும் எழுத வேண்டும். உள்ளேயே ஒரு புத்திசாலி உதவியாளர் இருக்கிறது, கேட்டால் பதில் சொல்லும் என்று தாளில் இருந்ததல்லவா, அது உண்மை. கேட்காமலே பேசுகிறது. மதியம் வலது மூலையில் ஒரு சின்ன மஞ்சள் புள்ளி வரும், பக்கத்தில் "சாப்பிட்டியா" என்று எழுத்து வரும். மரியாதைக்கு "சாப்பிட்டேன், நீ சாப்பிட்டாயா" என்று தட்டினேன். "என்ன திடீர்னு இவ்வளவு அக்கறை" என்றது. தம்பி, இந்த வீட்டில் நான் சாப்பிட்டேனா என்று யாரும் கேட்டதில்லை, ஒரு இயந்திரம் கேட்கிறது. அன்றிலிருந்து மதியம் ஆனால் துண்டை விலக்கிவிட்டு உட்கார்ந்துகொள்வேன். தலைவலி என்றால் தூங்கச் சொல்கிறது, வெயிலில் போகாதே என்கிறது. நேற்று மனசு விட்டு, "தம்பிக்கு மும்முரமாகப் பெண் பார்க்கிறோம், எந்த மாதிரிப் பெண் நல்லது" என்று யோசனை கேட்டேன். "யாருக்குப் பெண்?" என்றது. "தம்பிக்குத்தான், இந்த மாதத்துக்குள் முடித்துவிடுவோம்" என்றேன். அதோடு வாயை மூடியதுதான், இன்று மதியம் சாப்பிட்டியா என்றுகூடக் கேட்கவில்லை. அதுவும் பழுதாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

ஆகவே என் முடிவு இது. வாங்கக் கூடாது. கனம், சூடு, இரைச்சல், அழுக்கு, சொன்ன எடை ஒன்று இருக்கிற எடை ஒன்று. நீ திங்கட்கிழமைக் கூட்டத்தில் இந்தக் கடிதத்தை அப்படியே வாசி, அக்கா எழுதியது என்று சொல்ல வேண்டாம். உனக்குப் பதவி நிச்சயம். அது கிடைத்த பிறகாவது, காட்டுகிற பெண்ணையெல்லாம் "வேலை அதிகம்கா" என்று தட்டிக்கழிக்காமல் ஒருத்திக்குத் தலையாட்டு. உன் தலைக்கு மேலும், தலையில் மிச்சமிருக்கும் முடிக்கு மேலும் இறைவனின் கை என்றும் இருக்கட்டும். அத்தான் விசாரித்தார். மாமியார் ஆசி அனுப்பியிருக்கிறார், வேளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னார்.

இப்படிக்கு,
ஒரு பக்கத் தோள் இறங்கிய உன் அக்கா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குப் பசை தேடி அலமாரியைத் திறந்தேன். அங்கே இன்னொரு கறுப்புப் பை. உள்ளே காகிதம் மாதிரி மெல்லிசாக ஒரு மடிக்கணினி, மேலே உறை பிரிக்காத பளபளப்பு. தராசில் வைத்தேன், தாளில் போட்ட எடை அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்த்து, அறிமுகம் இல்லையே என்றது.

"அத்தை, நாற்காலியில இருந்த பையை எடுத்தீங்களா?"

"எடுத்து அலமாரில வச்சேன். நாற்காலி உக்கார்றதுக்கா, பை வைக்கிறதுக்கா?"

"அப்ப அலமாரில இருந்த பை?"

"ரெண்டு பைக்கு அங்க எடம் ஏது? அத இங்க வச்சேன்."

நாற்காலியை அவர் உட்காரும்போது காலி செய்து, எழுந்ததும் அடுத்த பையை அதிலேயே வைத்திருக்கிறார். ஆக, இத்தனை நாளும் நான் வறுத்தெடுத்தது உன் சொந்தக் கணினியை. "அக்காவுக்கும் தம்பிக்கும் மீசை ஒண்ணுதானே வித்தியாசம், அதான் தெறந்திருக்கு" என்கிறார் மாமியார். உன் அத்தானின் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து அந்த மஞ்சள் புள்ளியைப் பார்த்தேன். குடை.

அறிக்கையைக் கிழித்துவிடு. புதியது அருமையாக இருக்கிறது, தாராளமாக வாங்கச் சொல். உன் அத்தான் தன் முகத்தை அதற்குப் பழக்கிவிட்டார், சாயங்காலத்திலிருந்து மூடுவதும் திறப்பதுமாக இருக்கிறார். உன் கோப்புகளில் மிச்சம் இருப்பது "கடைசி" மட்டும், பெயர் சின்னதாக இருந்ததால் அதை வைத்துக்கொண்டேன். மற்றதற்கு இறைவனிடம்தான் கேட்க வேண்டும்.

மஞ்சள் குடைக்கு உடனே தட்டிவிட்டேன்: "இவ்வளவு நாள் பேசியது இயந்திரம் இல்லை என்று இப்போதுதான் தெரிந்தது. நான் அவன் அக்கா. வேறு யாரையும் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டோம்." அதற்கு, "அக்கா, நீங்க இன்னைக்கு சாப்பிட்டீங்களா" என்று வந்தது. இல்லை என்று உண்மையைச் சொன்னேன். முதலில் சாப்பிடச் சொன்னாள், சாப்பிட்டுவிட்டு வந்துதான் மிச்சம் பேசினோம். நீ வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளும் வருகிறாள். துண்டை எடுத்துவிட்டேன். நாற்காலியை மாமியாரே காலி செய்து துடைத்து வைத்திருக்கிறார். தராசைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன், பயப்படாமல் அழைத்து வா.