திருநெல்வேலியில் கட்டிய ஆயுள் வரி

‘ஆயுள்’ என்ற சொல் காதில் விழுந்ததும் யோசிப்பதை நிறுத்திவிடுவது எங்கள் குடும்பத்து வழக்கம். அப்பா ஆயுள் சந்தா கட்டிய பத்திரிகை மூன்றாவது இதழோடு நின்றுபோனது. அம்மாவின் குக்கருக்கு ஆயுள் உத்தரவாதம் தந்த கடைக்கே ஆயுள் முடிந்துவிட்டது. இந்தப் பரம்பரையில் வந்தவன் ஆயுள் வரி கட்டிய காரை வாங்காமல் வேறு எதை வாங்குவான்?

எனக்கு வேலை பம்பாயில் ஓர் ஆபீசில், கணக்குப் பிரிவில். (ஆமாம், கணக்குப் பிரிவில்தான். சிரித்து முடித்ததும் சொல்லுங்கள், தொடர்கிறேன்.) தாராவியில் வளர்ந்து, செம்பூரில் ஃபிளாட் வாங்கி, அடுத்தது கார் என்று முடிவு செய்த காலம் அது. அப்போது என் சீனியர் ராமநாதன் சார் தன் காரை விற்கப்போவதாகச் சொன்னார். மாதுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். முழங்கால் வலி, இனிமேல் டாக்ஸி போதும் என்றார்.

“வண்டி இங்க ரெஜிஸ்டர் பண்ணினது. வாங்கறச்சயே டாக்ஸ் மொத்தமா கட்டியாச்சு. இந்த ஸ்டேட்டுக்குள்ள யார் வாங்கினாலும் அது வண்டியோடவே போயிடும். நீ பேரை மாத்திண்டா போறும். அதுக்குத்தான் வெலை கொஞ்சம் ஜாஸ்தி சொல்றேன்.”

மனுஷன் எப்போதோ கட்டிய வரியை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. இப்படித் தவறான விஷயங்கள் மட்டும் எனக்கு உடனே புரிந்துவிடும்.

பாளையங்கோட்டையில் இருக்கும் என் மாமா மகன் செல்வின் அத்தான் மஸ்கட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவரும் காரை விற்க வேண்டியிருந்தது. விலையோ ராமநாதன் சார் சொன்னதைவிட நன்றாகவே குறைவு.

“டாக்ஸ் எல்லாம் எப்படி அத்தான்?” என்று போனில் கேட்டேன். (கேட்டேன் என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.)

“லைஃப் டாக்ஸ் கட்டியாச்சுடே. வண்டிக்கு உசுரு இருக்க வரைக்கும் ஒருத்தனும் ஒன்னைய ஒண்ணும் கேக்க மாட்டான். வந்து எடுத்துட்டுப் போ.”

லைஃப். அவ்வளவுதான், மூளை கடையைச் சாத்திவிட்டது.

காரைப் பம்பாய்க்கு ஓட்டிவந்த பிறகுதான் விலையைவிடப் பெரிய லாபம் ஒன்று இருப்பது தெரிந்தது. நம்பர் பிளேட். டி.என். எழுபத்திரண்டு. தாராவிக்குள் நுழைந்தால் டீக்கடையில் நிற்பவர்கள் குனிந்து பார்ப்பார்கள். “அண்ணாச்சி, தின்னவேலியா? எந்தப் பக்கம்?” என்று பைக்கில் துரத்திவந்து கேட்டவர்கள் உண்டு. செம்பூரில் எல்லாக் கடையிலும் கிடைக்கிற கருப்பட்டியை வாங்க நான் தாராவி வரை காரில் போன ஞாயிற்றுக்கிழமைகளும் உண்டு. அந்த பிளேட்டை மாற்றி மகாராஷ்டிர நம்பர் வாங்குவதாவது. பேரைக்கூட மாற்றவில்லை. அத்தானிடம் வாங்கிய வண்டியில் அத்தான் பேரை எடுத்துவிடுவது மரியாதை ஆகாது என்று நானாகவே ஒரு சட்டம் இயற்றிக்கொண்டேன். என் மனைவி மெர்லின் இரண்டொரு முறை, “அந்த சாரை ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்களேன்” என்றாள். மாதுங்காக்காரர்கள் எப்படி நைசாக வரியை விலைக்குள் ஒளிப்பார்கள் என்று அவளுக்கு வகுப்பு எடுத்தேன்.

இப்படி ஒன்றரை வருஷம் ஓடியபின் என் தங்கை ஷீபாவுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை ஜோயலுக்கு மான்குர்த்தில் வீடு. டிராம்பே பக்கம் ஒரு ஆலையில் வேலை. கல்யாணம் மாதுங்காவில் உள்ள சர்ச்சில். அப்பா இல்லாத வீடு என்பதால் எல்லாவற்றுக்கும் நான்தான். ஐயர் முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: அடுத்து இன்னொரு கல்யாணம் இருக்கிறது, தாமதமானால் அது முடிந்து சாயங்காலம்தான். (ஐயர் என்றால் எங்கள் சபையில் பாதிரியார். திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் அப்படித்தான் சொல்வோம். பின்னால் இது தேவைப்படும்.)

மாப்பிள்ளையைக் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு. ஷீபா முந்தின நாளே மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள்.

“வாடகைக் கார் சொல்லிருவோமாண்ணே?”

“நம்ம ஊர் நம்பர் வண்டி வாசல்ல நிக்கும்போது வாடகைக் காரா?” என்றேன். அப்பா இருந்திருந்தால் எப்படிச் சொல்லியிருப்பாரோ, அதே கம்பீரத்தில்.

ரிப்பன், ரோஜா, பின் கண்ணாடியில் தெர்மோகோலில் ‘ஜோயல் வெட்ஸ் ஷீபா’. முன்னால் நானும் மெர்லினும். பின்னால் கோட்டு சூட்டில் ஜோயலும் அவன் அம்மாவும். சயான் வரை ராஜ ஊர்வலம். சயானில் ஒரு டிராஃபிக் ஹவல்தார் கை காட்டினார். பக்கத்தில் ஆர்.டி.ஓ. மேடம் ஒருவர் நின்றிருந்தார். வெளிமாநில வண்டிகளைச் சோதிக்கிறார்களாம். பூமாலை போட்டு, பிளேட்டைத் துடைத்துப் பளபளப்பாக்கி, நானே கொண்டுபோய் அவர்கள் முன்னால் நிறுத்தியிருந்தேன்.

“காடி கிஸ்கா ஹை?” என்றார் மேடம். வண்டி யாருடையது.

“அத்தான் கா” என்றேன்.

அத்தான் என்றால் யார், அவர் எங்கே என்று கேட்டார். மஸ்கட் என்றேன். அந்தப் பதில் எடுபடவில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. உடனே ஒரு பொய்யை எடுத்துவிட்டேன். கல்யாணத்துக்காகப் போன வாரம்தான் வண்டி ஊரிலிருந்து வந்தது, அடுத்த வாரம் திரும்பிவிடும். மேடம் முன் கண்ணாடியைப் பார்த்தார். அதில் எங்கள் செம்பூர் சொசைட்டியின் பார்க்கிங் ஸ்டிக்கர் இரண்டு இருந்தன. போன வருஷத்தது ஒன்று, இந்த வருஷத்தது ஒன்று. பிறகு பின் சீட்டுப் பக்கம் குனிந்து மாப்பிள்ளையிடம் கேட்டார், வண்டி எவ்வளவு நாளாக இங்கே ஓடுகிறது என்று.

“டேட் சால், மேடம்” என்றான் ஜோயல். ஒன்றரை வருஷம்.

நான் திரும்பி அவனைப் பார்த்தேன்.

“சர்ச்சுக்குப் போற வழில பொய் சொல்ல வரல மச்சான். நிச்சயத்துக்கே இந்த வண்டிலதான வந்தீங்க.”

தங்கைக்கு உத்தமமான மாப்பிள்ளை வேண்டும் என்று ஜெபித்தவன் நான்தான். யாரையும் குறை சொல்ல முடியாது.

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். “மேடம், லைஃப்டைம் டாக்ஸ் பரா ஹை.” ஆயுள் வரி கட்டியாகிவிட்டது.

“எங்கே?”

“திருநெல்வேலி.”

மேடம் காலடியில் இருந்த சாலையைக் காட்டினார். “ரோட் இதர் கா, டாக்ஸ் உதர் கா?”

இங்கே உள்ள சாலை, அங்கே உள்ள வரி. பிறகு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல விளக்கினார். ஆயுள் வரி என்றால் அந்த மாநிலத்து ஆயுள். வேறு மாநிலத்துக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் தங்கினால் பழைய ஊர் ஆபீசில் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே பதிந்து, இங்கே வரி கட்ட வேண்டும். அங்கே கட்டியதில் மிச்ச வருஷங்களுக்கு உரியதை அங்கேதான் திருப்பிக் கேட்க வேண்டும். பேரும் மாற்றவில்லை, வரியும் கட்டவில்லை, வண்டி இங்கேயே நிற்கட்டும். ஒவ்வொரு வார்த்தையும் சரி. கணக்குப் பிரிவில் பதினான்கு வருஷம் இருந்தவனுக்கு நடுரோட்டில், மாப்பிள்ளை முன்னால், இலவசமாகக் கிடைத்தது இந்தப் பாடம்.

சயானைத் தாண்டி ஊருக்குள் ஆட்டோவுக்கு அனுமதி கிடையாது. டாக்ஸிக்காரர்கள், மாதுங்கா என்றதும் பக்கத்துச் சவாரிக்கு வரமாட்டேன் என்று கையை ஆட்டினார்கள். நான் ரோட்டில் குறுக்கும் நெடுக்கும் ஓடினேன். சர்ச் வாசலில் ஷீபா வெள்ளைப் புடவையில் நிற்பது கண்முன் வந்தது. அந்தக் குழந்தை வாடகைக் கார் என்றுதானே கேட்டது.

திரும்பி வந்தால் மெர்லின் போனை வைத்துக்கொண்டிருந்தாள். “ராமநாதன் சார்ட்ட பேசிட்டேன். கல்யாணத்துக்குத்தான் கெளம்பிட்டு இருந்தாராம். வாறாரு.” கையோடு ஷீபாவுக்கு ஒரு மெசேஜும் அனுப்பினாள்: ‘கார் நின்னு போச்சு. ஐயர் கார்ல மாப்பிள்ளைய கூட்டிட்டு வாறோம். பயப்படாத.’

சர்ச் வாசலில் இதைப் படித்த ஷீபா, பக்கத்தில் நின்றிருந்த எங்கள் பாதிரியாரைப் பார்த்திருக்கிறாள். “ஐயரே, உங்க கார்லயா வாறாங்க?” என்று கேட்டிருக்கிறாள். “எங்கிட்ட காரே கெடையாதம்மா. நான் டிரெயின்லல்லா வந்தேன்” என்று அவர் பதறியிருக்கிறார். மாதுங்காவில் ராமநாதன் சார் மாதிரி வேறு ஐயர்களும் இருப்பது அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. மாப்பிள்ளையை யாரோ கடத்திவிட்டார்கள் என்கிற அளவுக்குப் பேச்சு போய்விட்டதாம்.

ராமநாதன் சார் வந்தார். அதே கார், இன்னும் விற்கவில்லை. ரிப்பனையும் ரோஜாவையும் அவசரமாகப் பிய்த்து அந்தக் காருக்கு மாற்றினோம். ஹவல்தாரே தெர்மோகோலை எடுத்துக் கொடுத்தார். மேடம் சாவியை வாங்கிக்கொண்டு, “பெஹ்லே ஷாதி” என்றார். முதலில் கல்யாணம். அடுத்த கல்யாணத்துக்காரர்கள் ஆல்டரில் பூ ஜாடிகளைத் தூக்கிக்கொண்டு நின்ற நேரத்தில் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். ஷீபாவின் கண்மை கலைந்திருந்தது. என்னைப் பார்த்ததும், “வந்துட்டியாண்ணே” என்று மட்டும் சொன்னாள். அவள் திட்டியிருந்தால் நான் நிமிர்ந்து நின்றிருப்பேன்.

‘ஜீவனுள்ள நாளெல்லாம்’ என்று ஐயர் உடன்படிக்கை சொல்லிக் கொடுத்தபோது மெர்லின் என் காதோரம் குனிந்தாள். “எந்த ஸ்டேட்லன்னு கேட்டுக்கிடுங்க.”

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், வயிறு எரிகிறது. தடையில்லாச் சான்றுக்கு அத்தான் கையெழுத்து, அத்தானோ மஸ்கட்டில். சான்று வந்ததும் இங்கே வரி, அபராதம், பேர் மாற்றம், புது நம்பர். அங்கே திருப்பிக் கேட்ட வரிக்கு நான் அனுப்பிய காகிதத்தில் அத்தான் கையெழுத்து மாறியிருந்ததால் மறுபடி முதலிலிருந்து. எல்லாம் கூட்டிப் பார்த்தால் ராமநாதன் சார் கேட்ட விலையைத் தாண்டிவிட்டது. அவர் காரையும் அந்த வருஷமே அவர் கேட்ட விலைக்கே ஒருவர் வாங்கிப்போய்விட்டார். இப்போது என் காரில் மகாராஷ்டிர நம்பர். தாராவியில் ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை.

கல்யாண ஆல்பத்தில் ஒரு படம் இருக்கிறது. சர்ச்சிலிருந்து மாப்பிள்ளையும் பெண்ணும் கிளம்பும்போது பின்னாலிருந்து எடுத்தது. கண்ணாடியில் மேலே ‘ஜோயல் வெட்ஸ் ஷீபா’. அதன் கீழே, அவசரத்தில் யாரும் கிழிக்க நினைக்காத ராமநாதன் சாரின் காகிதம், தெளிவான எழுத்தில்: ‘ஃபார் சேல். சிங்கிள் ஓனர். டாக்ஸ் பெய்டு.’

ஒவ்வொரு கல்யாண நாளிலும் அந்தப் படம் வெளியே வரும். “விக்கப்போறோம்னு அன்னைக்கே எழுதிப் போட்டுருந்தாங்க, நான்தான் கவனிக்கல” என்பான் ஜோயல்.

“சிங்கிள் ஓனர்னும்தான் எழுதிருந்துச்சு. இனி பேர் மாத்த முடியாது” என்பாள் ஷீபா.

அதன்பின் இருவரும், டாக்ஸ் யார் கட்டியது என்ற சந்தேகத்தோடு, என் பக்கம் திரும்புவார்கள்.