வேலை வேண்டாம் என்ற மகராசன்

வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிடுவது. அதையும் அந்தக் கம்பெனிக்காரன் கண் கலங்கும்படி சொல்வது. இப்படியொரு சபதத்தோடுதான் நம் கணக்கர் அன்று காலை பல்லே தேய்த்தார்.

சம்பளத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் காலை ஏழு மணிக்கு ஆபீசில் இருக்க வேண்டுமாம். எட்டு மணிவரை தூங்கும் உரிமையை எந்தச் சம்பளத்துக்கும் விட்டுக்கொடுக்காத மனிதர் அவர். மனைவியிடம் மட்டும், "பழைய முதலாளிக்குத் துரோகம் பண்ண மனசு வரலைம்மா" என்று சொல்லிவைத்தார். வீடு இரண்டுபடும் என்று பயந்திருந்தார். அவளோ சரி என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். அவளும் கணக்குப் படித்தவள்தான். மகள் பிறந்ததும் வேலையை விட்டவள், இப்போது மறுபடி வேலை தேடிக்கொண்டிருந்தாள்.

டைப் அடிக்க அவருக்கு ஒரு விரல்தான் ஒத்துழைக்கும். அதனால் அவர் சொல்லச் சொல்ல அவள் மெயிலை அடித்தாள்.

"'தங்கள் பொன்னான வாய்ப்பு'ன்னு போடு. போட்டியா?"

"போட்டாச்சுங்க."

"'ஏற்க இயலாமைக்கு என் இதயம் ரத்தக் கண்ணீர் வடிக்கிறது!'"

"டாக்டரைப் போய்ப் பாருங்கன்னு பதில் வரும். 'வருந்துகிறேன்' போதும்."

"சொல்லுல கூடவா கஞ்சத்தனம்! சரி, அனுப்பு."

"வேண்டாம்னு சொல்லிட்டு அம்போன்னு விட்டா மரியாதையா? ஆளுக்கு அவங்க எங்கே போவாங்க? நல்ல ஆளா ஒருத்தரைக் கைகாட்டி விட்டாத்தானே பெரிய மனுஷத்தனம்?"

பெரிய மனுஷத்தனம் என்றதும் கணக்கருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நாற்காலியில் உட்கார முடியவில்லை.

"அட்டகாசம்! 'என்னைவிடக் கெட்டிக்காரர்'னே போடு!"

"நீங்க சொன்னா சரிதாங்க. யாரைப் போடறது?"

"யாரையாவது போடேன்! உனக்குத் தெரிஞ்ச ஆள் இல்லையா?"

"ஒருத்தங்க இருக்காங்க."

"போடு! நேர்மை, நாணயம், விடியறதுக்கு முன்னாடி எழுந்திருக்கிற சுறுசுறுப்பு, எல்லாத்தையும் போடு!"

அவள் அடித்து முடித்ததைப் படித்துப் பார்க்கக்கூடப் பொறுமையில்லாமல், அந்த ஒற்றை விரலாலேயே தட்டி அனுப்பினார். மகளைத் தூக்கிக்கொண்டு கூடம் முழுக்கச் சுற்றினார்.

அந்த வாரக் கடைசியில் மனைவி போனை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"நீங்க வேண்டாம்னு சொன்ன கம்பெனிதாங்க. நீங்க கைகாட்டின ஆளையே எடுத்துக்கிட்டாங்களாம்."

"பார்த்தியா என் வாக்குக்கு இருக்கிற மதிப்பை! யாரு அந்த அதிர்ஷ்டசாலி?"

"நான்தாங்க. நேத்துப் போய்ப் பேசிட்டு வந்தேன்."

கணக்கர் துள்ளினார். "அடி சக்கை! ரெண்டு சம்பளம்! எனக்குத் தூக்கமும் மிச்சம்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"துரோகம்னு சொன்னப்பவே தூக்கம்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் அவள். "திங்கட்கிழமையிலேருந்து நான் ஆறரைக்குக் கிளம்பணும். எனக்குச் சாப்பாடு கட்டி, பாப்பாவைக் குளிப்பாட்டி, தலைசீவி, ஸ்கூல் வண்டியிலே ஏத்தணும். நீங்க அஞ்சு மணிக்கு எழுந்தா நிதானமா முடிச்சுடலாங்க."

அந்த வேலைக்கே போயிருந்தால் ஆறு மணிவரையாவது தூங்கியிருப்பார்.