ஆள் பிடித்த தோப்பு

"மரம் வந்ததும் சொல்லுங்க, நானும் வந்துடறேன்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள், மைதானக் கண்காணிப்பாளரின் மனைவி.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பெரிய விளையாட்டுப் போட்டி வருகிறது, கார் நிறுத்த இடம் வேண்டுமென்று, வீட்டுக்கு எதிரே இருந்த தோப்பையே வழித்தெடுத்துவிட்டார்கள். வீடு அடுப்பாகிவிட்டது. எந்தெந்த மரம் என்று கைநீட்டிக் காட்டியவர் வேறு யாருமில்லை, சாட்சாத் அவள் புருஷன்தான். மனிதர் யாரிடம் போய் முட்டிக்கொள்வார்?

அந்த நேரம் பார்த்து மேலாளர் போன் செய்தார்.

"மதியம் சுற்றுச்சூழல் குழு வருதுய்யா. மரம் இருக்கான்னு பார்ப்பாங்களாம். மொட்டையா இருந்தா நாம ரெண்டு பேரும் வீட்டுக்குத்தான்."

"வெட்டியாச்சே சார்."

"அது எனக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியுமா? எதையாவது பண்ணு."

முந்தின நாள் வெட்டிய கிளைகள் ஓரமாகக் குவிந்து கிடந்தன. கண்காணிப்பாளர் குழி தோண்டி வரிசையாக நட்டுவைத்தார். தூரத்திலிருந்து பார்த்தால் தோப்பேதான். அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

வெயில் ஏறியதும் இலைகள் தொங்கிவிட்டன. லாரித் தண்ணீரை வரவழைத்து ஊற்றினார். தரை சேறாகி, தோப்பு மொத்தமும் குடிகாரனைப் போலச் சாய்ந்தது. கயிறு கட்டி விளக்குக் கம்பத்தோடு இழுத்தார். கம்பமும் சேர்ந்து சாய்ந்தது.

வேறு வழியில்லாமல் மரத்துக்கு ஒருவராக மைதானத் தொழிலாளிகளைப் பின்னால் உட்காரவைத்தார்.

"ஆடாம பிடிங்க. எந்த மரத்துலேர்ந்தும் பீடிப் புகை வரக் கூடாது."

"தும்மல் வந்தா?"

"மரம் தும்முமா? அடக்கிக்க."

குழுவின் கார் மெதுவாக வந்தது. ஒரு மரம் இருமியது. காருக்குள் இருந்த அம்மாள் கண்ணாடியை இறக்காமலேயே பார்த்து, சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

"தப்பிச்சோம்" என்றார் மேலாளர் போனில்.

கண்காணிப்பாளருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே மனைவியைக் கூப்பிட்டார்.

"வேலை தப்பிச்சுது. வந்துடேன்."

"நிழல் விழுந்துதா?"

"இல்ல..."

போன் வைக்கப்பட்டது. வீட்டுக்குள் போகவும் பிடிக்காமல், வேகிற வெயிலில் வாசலிலேயே நின்றார். அவள் இல்லாத வீடு நன்றாகவே இல்லை.

அப்போது தார்ப்பாய் மூடிய லாரிகள் வரிசையாக வந்து நின்றன. முதல் லாரியின் ஓட்டுநர் தலையை நீட்டினார்.

"மரம் வெட்டின மைதானத்துல எல்லாம் நட்டுட்டு வரச் சொல்லி, வேரோட வளர்ந்த மரமா ஏத்திவிட்டிருக்காங்க அண்ணே, இங்கதான் தேவையில்லைன்னு குழு அம்மா சொல்லிட்டாங்களாமே, அடுத்த மைதானத்துக்கு எப்படிப் போகணும்?"