குடும்ப மானமும் இரண்டு இமைகளும்

"அப்பா, அவங்க அப்பா பேசிட்டிருக்கும்போது நீங்க தூங்கிட்டீங்களாம். அவங்க வீட்ல எல்லாரும் அதையே பேசிக்கிறாங்களாம்."

நூலகர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு, நானா?"

வாசக அறையில் செய்தித்தாளை முகத்தில் போர்த்திக்கொண்டு குறட்டை விடுகிறவர்களை மேசையில் தட்டி எழுப்புவது அவருடைய அன்றாடக் கடமை. அப்பேர்ப்பட்டவர், மகள் விரும்பிய பையனின் பெற்றோரை முதன்முதலாக ஓட்டலில் சந்தித்த அன்றே தூங்கினாராம்!

"என் இமை அப்படிம்மா. எங்க பரம்பரைக்கே தொங்கின இமை. விழிச்சிருந்தாலும் பாதிக் கண்ணு மூடினாப்லதான் தெரியும். அவர் பேசினதை ஒப்பிக்கட்டுமா? லிஃப்ட் கதவு ஏன் சிக்குதுன்னு சொன்னார்."

"அதுக்கப்புறம்?" என்றாள் மனைவி.

"அதுக்கப்புறமும் லிஃப்ட்தான்."

பையனின் அப்பா ஓய்வுபெற்ற லிஃப்ட் பொறியாளர். எந்தப் பேச்சில் ஏறினாலும் லிஃப்ட்டில்தான் போய் இறங்குவார்.

அன்று மாலையே வீடியோ அழைப்பில் நூலகர் புருவத்தை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு பேசினார். அழைப்பு முடிந்ததும் பையனிடமிருந்து மகளுக்குச் செய்தி வந்தது: 'உங்க அப்பாவுக்கு எங்க மேல என்ன கோபம்?'

மறுநாள் அவர் கண் மருத்துவர் முன் உட்கார்ந்திருந்தார்.

"பார்வையை எதுவும் மறைக்கலையே சார். இமையைத் தூக்குறது வெறும் அழகுக்காகப் பண்ற ஆபரேஷன். அவசரமே இல்லை."

"அழகுக்கு இல்லை டாக்டர். மானத்துக்கு. அடுத்த வாரம் நிச்சயதார்த்தம்."

"அப்போ வேண்டவே வேண்டாம். வீக்கம் வடியவே ரெண்டு வாரம் ஆகும். கல்யாணம் முடிஞ்சு நிதானமா வாங்க."

கல்யாணம் முடிந்த பிறகு இமையைத் தூக்கி யாருக்குக் காட்டுவது? நிச்சயதார்த்தத்தைத்தான் தள்ளி வைத்தார். தன் தங்கைக்கு மூட்டு வலி, நடக்கவே முடியவில்லை என்று காரணமும் சொன்னார். தங்கையிடம் மட்டும் சொல்ல மறந்துவிட்டார்.

சம்பந்தி வீட்டார் நல்லவர்கள். பழம் வாங்கிக்கொண்டு நேரே தங்கை வீட்டுக்குப் போனார்கள். அவள் ஸ்டூல் மேல் ஏறி நின்று மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மூட்டு வலின்னு அண்ணன் சொன்னாரே?"

அண்ணனை விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லாத தங்கை அவள். ஒரு நொடிதான் திகைத்தாள்.

"ஆமாங்க. ஏற முடியுது. இறங்கத்தான் முடியலை."

பையனின் அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு கை பிடித்து அவளை இறக்கிவிட்டார்கள். அன்று முதல் அவள் நொண்டவேண்டியதாயிற்று.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு கண்ணைச் சுற்றியும் கத்தரிக்காய் நிறம். நூலகர் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தார். நூலகத்துக்குப் போன் செய்த சம்பந்தி வீட்டார், உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டதும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து மணியடித்தார்கள்.

அண்ணனைப் பார்க்க வந்திருந்த தங்கை நொண்டிக்கொண்டே போய்க் கதவைத் திறந்தாள். அவள் பின்னால், கண்ணிரண்டும் கறுத்து வீங்கி, நூலகர் நின்றார்.

சம்பந்தி இவரைப் பார்த்தார். அவள் காலைப் பார்த்தார். மறுபடி இவரைப் பார்த்தார்.

"கூடப் பிறந்தவங்க. எதுவானாலும் பேசித் தீர்த்துக்கலாம். கை வைக்கலாமா?"

இல்லை என்றால் கண் எப்படி வீங்கியது என்று சொல்லவேண்டும். இந்த வயதில் அழகுக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர் என்ற பேச்சு வீட்டுக்கு வரலாமா? நூலகர் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"தப்புதாங்க. கொஞ்சம் கோபப்பட்டுட்டோம்."

அவர்கள் போனதும் தங்கை நொண்டுவதை விட்டாள். "ஏண்ணா, உன் மானத்தைக் காப்பாத்த என்னை ரவுடியாக்கிட்டியே!"

"கொஞ்சம் பொறு. நிச்சயதார்த்தத்துல என் கண்ணைப் பார்த்தா எல்லாம் சரியாயிடும்."

"அதுவரைக்கும் இந்தக் கல்யாணம் நின்னுடாம இருக்கணுமே அப்பா" என்றாள் மகள். அன்றிரவு நூலகருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனாலும் குறித்த நாளில் அவர்கள் வந்தார்கள். நூலகர் வாசலிலேயே நின்று, பளிச்சென்று திறந்த கண்களோடு வரவேற்றார். சம்பந்தி ஆசையாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அன்னைக்குக் கதவு வரைக்கும் சொன்னேன், இல்லையா? இன்னைக்குக் கம்பிக்கு வருவோம்."

கம்பி முடிந்தது. கப்பி வந்தது. மோட்டார் வந்தது. நூலகரின் கண்கள் எரிந்தன. சற்றே இறங்கிக்கொள்ள அந்தப் பழைய இமை இருந்தால் தேவலை என்றிருந்தது. ஆனால் குடும்ப மானம் அந்த இரண்டு இமையில் அல்லவா நிற்கிறது? சிமிட்டாமல் கேட்டார். எதிர் வரிசையில் சம்பந்தியின் மனைவி, மகன், தம்பி எல்லோரும் அவர் முகத்தையே பார்த்திருந்தார்கள். நேரம் ஆக ஆக அந்த முகங்கள் வாடின.

கடைசியில் பொறுக்கமுடியாமல் சம்பந்தியம்மா எழுந்து வந்து அவர் காதருகே குனிந்தாள்.

"என்ன அண்ணா, இப்படி முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க? இவர் பேசும்போது கண்ணை மூட எங்க வீட்ல ஒருத்தருக்கும் இதுவரைக்கும் தைரியம் வந்ததில்லை. அன்னைக்கு ஓட்டல்ல நீங்க தூங்கினதைப் பார்த்துத்தானே இந்தச் சம்பந்தத்துக்கே நான் சரின்னு சொன்னேன்!"