நாற்பத்தோரு பேருக்கும் ஒன்றாம் எண்

ஒரே வரிசையில் நாற்பத்தோரு பேரையும் முதல் ஆளாக நிறுத்திய ஒருத்தி இந்தத் தஞ்சாவூர்ச் சீமையில் உண்டென்றால் அது நான்தான். இத்தனை வருஷம் இதை எழுதாமல் இருந்ததற்குக் காரணம் அடக்கம் இல்லை, வெட்கம். இன்றைக்கு நான் ஜாவாஸ்கிரிப்ட் எழுதித்தான் சம்பளம் வாங்குகிறேன். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் என்னிடம் வந்து மரியாதையாகச் சந்தேகம் கேட்கிறார்கள். அவர்கள் கண்ணில் இது படாமல் இருக்க வேண்டும்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பி.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டு, கும்பகோணத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வெப்சைட் எழுதக் கற்றுக்கொண்டிருந்தேன். வலங்கைமான் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். மூன்று மாத வகுப்பில் இருபது நாள் முடிந்திருந்தது. அந்த இருபது நாளில் என் தலைக்கு ஏறிய கனத்தை இறக்க ஒரு லாரி போதாது.

நான் கற்றிருந்தது இவ்வளவுதான். மாறி என்றால் பெயர் ஒட்டிய ஒரு டப்பா, உள்ளே எதை வேண்டுமானாலும் போட்டு வைக்கலாம், பிறகு மாற்றலாம். அரே என்றால் பல சாமான்களை வரிசையாக அடுக்கி வைக்கும் அலமாரி. இஃப் என்றால் இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய் என்று சொல்வது. ஃபங்ஷன் என்றால் ஒரு வேலையை ஒரே ஒரு தடவை சொல்லிக் கொடுத்துவிட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் அதைச் செய்ய வைப்பது. (அம்மா இதை இருபத்திரண்டு வருஷமாக என்மேல் செய்து பார்க்கிறாள். ஒரு நாளும் ஓடியதில்லை.)

இருபத்தோராவது நாள் வகுப்புக்கு நான் போகவில்லை. மாமா மகளுக்கு வளைகாப்பு. அன்று என்ன பாடம் நடந்தது என்று யாரையும் கேட்கவும் இல்லை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அது குறுவை அறுவடை நேரம். எங்கள் ஊருக்கு அறுப்பு மிஷின் வெளியூரிலிருந்து வர வேண்டும். ஈர வயலில் இறங்குகிற பெல்ட் மிஷினுக்கு ஊர் ஊராக அடிபிடி. எங்கள் பக்கத்துக்கு ஒன்றே ஒன்றுதான், அதுவும் மூன்று நாளைக்குத்தான் கிடைக்கும். யாருக்கு முதலில் என்பதை வழக்கமாக ரோட்டோரம் வயல் வைத்திருக்கும் இரண்டு மூன்று பேர் மிஷின் ஏஜென்ட்டிடம் போனில் பேசி முடித்துவிடுவார்கள். உள் வயல்காரர்களுக்குச் செய்தி வரும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

அந்த உள் வயல்களிலும் கடைசி வயல் மல்லிகா அக்காவுடையது. வடிகால் ஓரம் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர். பல வருஷம் மற்றவர்கள் வயலில் நடவு நட்டவர். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்து அனுப்பியதைச் சேர்த்து வாங்கிய நிலம் அது. போன வருஷம் மிஷினுக்கு முன்னால் மழை வந்துவிட்டது. நெல் கதிரிலேயே முளைத்துப்போனது. இந்த வருஷம் ஒரு காற்று அடித்து, பயிர் பாதிக்கு மேல் சாய்ந்து கிடந்தது. மிஷின் வருகிற நாளிலிருந்து நான்காம் நாள் மழை என்று போனில் ஆளாளுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருஷம் ஏஜென்ட்டிடம் பேசும் பொறுப்பு அப்பாவுக்கு. மல்லிகா அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இந்த வருஷமாச்சும் வரிசையா பேரு எழுதி வெச்சி மிஷினை விடச் சொல்லுங்கண்ணே. ரெண்டு வருஷம் சேந்தாப்ல போச்சுன்னா என்னால தாங்க முடியாது."

அப்பா தலையைச் சொறிந்தார். நான் உள்ளேயிருந்து வந்தேன்.

"நான் ஒரு பேஜ் போட்டுத் தர்றேன்க்கா. போன்லயே பேரை அடிச்சா, உங்க வரிசை எண் வந்துடும். யாரு முதல்ல பதியிறாங்களோ அவங்களுக்கு முதல் எண். இதுல யாரும் உள்ள பூந்து மாத்த முடியாது."

"நெசமாவா பாப்பா?"

"கம்ப்யூட்டருக்கு ரோட்டோரம், உள் வயல்னு எல்லாம் தெரியாதுக்கா."

(இந்த வாக்கியத்தைச் சொன்னபோது எனக்கே புல்லரித்தது. அதுதான் பிரச்சினை என்று பிற்பாடு தெரிந்தது.)

ஒரே பகலில் எழுதி முடித்தேன். பச்சை நிறத்தில் பின்னணி, மேலே நெற்கதிர் படம், நடுவில் பெயர் எழுத ஒரு கட்டம், கீழே ஒரு பட்டன். பட்டனை அழுத்தினால் பெயர் அலமாரியில் போய் உட்காரும். அலமாரியில் எத்தனை பெயர் இருக்கிறதோ அதுதான் எண். என் போனில் சோதித்தேன். அப்பா பெயருக்கு ஒன்று வந்தது. அம்மாவுக்கு இரண்டு. எங்கள் வீட்டுப் பசு லட்சுமிக்கு மூன்று. அப்புறம் எங்கள் எதிரிகள் நான்கு பேரின் பெயரையும் அடித்து, அவர்களுக்கு நான்கிலிருந்து ஏழு வரை கொடுத்துத் திருப்திப்பட்டேன். ஒரு தப்பும் இல்லை. இணைப்பை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

அரைமணி நேரத்தில் கோவிந்தராசு அண்ணன் போன் செய்தார். ரோட்டோரம் எங்கள் வயலுக்கு அடுத்த வயல் அவருடையது.

"பாத்தேன் பாப்பா. ரொம்ப சந்தோஷம். நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன்."

எதை யாரிடம் சொல்லமாட்டார் என்று எனக்குப் புரியவில்லை. பெரியவர் பாராட்டுகிறார், வாங்கிக்கொள்வோம் என்று வாங்கிக்கொண்டேன். இருட்டுவதற்குள் வீட்டுக்கு ஒரு சீப்பு பூவன்பழம் வந்தது. ஒரு தூக்கு நிறைய முறுக்கு வந்தது. யாரோ கொல்லைப்பக்கமாக வந்து முருங்கைக்காய் வைத்துவிட்டுப் போனார்கள். வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்து ஒரு மாதிரி ரகசியமாகச் சிரித்தார்கள். ஊரே என் படிப்பை மெச்சுகிறது என்று நினைத்தேன். நிலைக்கண்ணாடி முன்னால் நின்று, பேட்டி கொடுப்பது எப்படி என்று இரண்டு தடவை பேசிப் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மிஷின் வந்து ரோட்டில் நின்றது. அப்பாவும் நானும் போனபோது அங்கே திருவிழாக் கூட்டம். நாற்பத்தோரு குடும்பத்திலிருந்தும் ஆள் வந்திருந்தது. எல்லார் முகத்திலும் அந்த ரகசியச் சிரிப்பு.

"யாருங்க மொதல்ல?" என்றார் டிரைவர். சேலம் பக்கத்துக்காரர்.

நாற்பத்தோரு பேரும் ஒரு அடி முன்னால் வைத்தார்கள்.

பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கோவிந்தராசு அண்ணன் போனை எடுத்துத் தூக்கிக் காட்டினார். பச்சைப் பின்னணி, நெற்கதிர், நடுவில் பெரிதாக 'உங்கள் வரிசை எண்: 1'. பக்கத்தில் இன்னொரு போன் உயர்ந்தது. அதிலும் ஒன்று. அப்புறம் வரப்பு நெடுக போன்கள் உயர்ந்தன. அத்தனையிலும் ஒன்று. ஒவ்வொருவரும் நான் தனக்கு மட்டும் தனிச் சலுகை செய்ததாக நினைத்து, அடுத்தவர் வயிறு எரியக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். பழமும் முறுக்கும் முருங்கைக்காயும் அதற்குத்தான்.

அந்த இடத்தில்தான், யாரும் சொல்லாமலே, இருபத்தோராம் நாள் பாடம் எனக்கு விளங்கியது. ஊர் நடுவில் ஒரே ஒரு நோட்டை வைத்து எல்லாரையும் அதில் எழுதச் சொன்னதாக நான் நினைத்திருந்தேன். உண்மையில் ஆளுக்கொரு புது நோட்டைக் கையில் கொடுத்திருக்கிறேன். பக்கத்தை யார் திறந்தாலும் என் நிரல் அவர் போனுக்குள்தான் ஓடும்; அலமாரியும் அவர் போனுக்குள்தான், காலியாக. அதில் முதல் பெயர் எழுதுகிறவர் எப்போதும் முதல் ஆள். பெயர்களை எல்லாருக்கும் பொதுவாக ஓர் இடத்தில் சேர்த்து வைக்க வேறொரு கம்ப்யூட்டர் வேண்டும். அதைச் சொல்லிக் கொடுத்த அன்று நான் வளைகாப்பில் சித்ரான்னம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"சரிங்க, வரிசை இருக்கட்டும்," என்றார் டிரைவர். "பேரைப் பார்த்து நான் எப்படிங்க எறங்கறது? உள்ள வயலுக்குப் போகணும்னா முன்னாடி வயலை அறுத்தாத்தானே வழி? நானென்ன பறந்தா போறது?"

இது இரண்டாவது அடி. மிஷின் வரிசை ஆள் பெயரில் ஓடாது, வயல் கிடக்கிற கிடையில்தான் ஓடும் என்பது விவசாயி மகளான எனக்குத் தோன்றவே இல்லை. நான் எழுதிய பக்கம் ஒழுங்காக வேலை செய்திருந்தாலும் உருப்பட்டிருக்காது. என் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. நான் பார்த்தது மல்லிகா அக்காவைத்தான். என் பேச்சை நம்பி, இந்த வருஷமாவது தன் முறை வரும் என்று வந்து நிற்கிறார்.

அவர் கோபப்படவில்லை. போனை மடியில் செருகிக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் வந்தார்.

"எல்லாருக்கும் ஒண்ணாம் நம்பர்தான். பொய்யில்ல, போன்ல இருக்கு. அப்ப நம்பரை விடுங்க. யாரு பயிரு சாஞ்சி கெடக்கு, யாரு பயிரு நிக்கிது, அதைப் பாருங்க. நிக்கிறது ரெண்டு நாள் தாங்கும். சாஞ்சது தாங்குமான்னு நீங்களே சொல்லுங்கண்ணே," என்று கோவிந்தராசு அண்ணனைப் பார்த்தார்.

வழக்கமாக இந்தப் பேச்சு நடக்க வழியே இல்லை. போனில் இரண்டு பேர் முடித்துவிடுகிற விஷயம். அன்றைக்கு என் புண்ணியத்தில் ஊர் முழுக்க அங்கே நின்றது. நாற்பது பேர் முகத்துக்கு நேரே தாங்காது என்று சொல்லாமல் என்ன செய்வார்?

"தாங்காதுதான்," என்றார். "ஆனா உன் வயலுக்கு வழி?"

அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். "என் வயல்ல மிஷின் அகலத்துக்கு ஒரு கீத்து அறுத்துக்கிட்டு உள்ள போங்க. எனக்கு இன்னும் கொஞ்சம் பச்சையாத்தான் இருக்கு, பரவால்ல. எம் பொண்ணு பண்ணுன வேலைக்கு நான்தான் வழி விடணும்."

என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். முற்றாத கதிர் மிஷினுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்து கோவிந்தராசு அண்ணன் வயல் ஓரத்திலும், அதற்குப் பின்னால் வழியில் கிடந்த வயல்களிலும் ஒரு கீற்று விழுந்தது.

"வழி விடுறேன். ஆனா அடுத்தது நான்தான்," என்றார் அவர். "எனக்கும் ஒண்ணாம் நம்பர்."

முதலில் சிரித்தது டிரைவர். அப்புறம் எல்லாரும். நானும் அழுதுகொண்டே சிரித்தேன். சாய்ந்த வயல்கள் முதலில், மற்றவை கிடந்த வரிசையில் என்று மூன்றாம் நாள் மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. மழை சொன்னபடி நான்காம் நாள் வந்தது. அப்போது மல்லிகா அக்காவின் நெல் காய்ந்து, மூட்டையாகி, வீட்டுக்குள் இருந்தது.

அடுத்த வருஷக் குறுவைக்கு அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதினேன். இந்தத் தடவை விவரமெல்லாம் ஒரே இடத்தில் சேரும்படி. அதில் முதல் கேள்வி பெயர் இல்லை. 'பயிர் சாய்ந்திருக்கிறதா?' என்பது முதல் கேள்வி. 'உங்கள் வயலுக்கு யார் வயல் வழியாகப் போக வேண்டும்?' என்பது இரண்டாவது. அந்தக் கேள்விகளைச் சொன்னது மல்லிகா அக்கா. இன்று பக்கத்து ஊர்களிலும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். எனக்கு வேலை கிடைத்ததும் அதைக் காட்டித்தான்.

பழைய பக்கத்தை நான் அழிக்கவில்லை. இன்றும் யார் திறந்து பெயர் அடித்தாலும் முதல் ஆள்தான். ரேஷன் கடையானாலும் பந்தியானாலும், எங்கள் ஊரில் எவர் வரிசையில் முந்தினாலும் சொல்லும் காரணம் ஒன்றுதான்.

என் கல்யாணத்தில் பரிசு கொடுக்க மேடைக்குக் கீழே நீள வரிசை நின்றது. மல்லிகா அக்கா ஓரமாக விடுவிடுவென்று ஏறி வந்தார். மாப்பிள்ளையின் சித்தப்பா மறித்து, "வரிசைல வாங்கம்மா," என்றார். அக்கா நிதானமாகப் போனை எடுத்து அவரிடம் காட்டினார்.

பச்சைப் பின்னணி, நெற்கதிர், ஒன்று.

அவர் திகைத்து என்னைப் பார்த்தார். அதற்குள் கீழே எங்கள் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் கோவிந்தராசு அண்ணன்.