ஊசி போனதற்கு ஒரு பால்குடம்

பெருமைப்பட ஒரு பொருள் கிடைத்துவிட்டால் மனுசனால் அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடிவதில்லை. வாயால் சொன்னால் போதாது, செய்தும் காட்ட வேண்டும். அப்படிச் செய்துகாட்டப் போய்த்தான் ஒரு சித்திரை மாதம், காலை பத்து மணிக்கு, ஊர் முன்னிலையில் நான் கால் மணி நேரம் சாமியாக இருந்தேன். இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் நிஜமாகவே சாமியிடம் போய்ச் சேர்ந்திருப்பேன்.

எனக்கு இருபத்து மூன்று வயதிலேயே இனிப்பு நீர் வியாதி வந்துவிட்டது. (பலகாரம் அதிகமாகத் தின்றிருப்பான் என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். இது வேறு வகை, உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை என்று எத்தனை பேருக்கு விளக்குவது?) அன்றிலிருந்து காலையும் மாலையும் ஊசிதான். கல்யாணம் ஆன பிறகு அந்த வேலையை என் மனைவி லெட்சுமி எடுத்துக்கொண்டாள். சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு, மருந்து போத்தலில் ஊசியைச் செருகி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளவு பார்ப்பாள். பிறகு சாமி பேரைச் சொல்லிக் குத்துவாள். எட்டு வருசம் இப்படியே ஓடியது.

தொண்ணூறுகளின் நடுவில், மலாக்கா டவுனில் எனக்கு வைத்தியம் பார்த்த சீன டாக்டரம்மா, வெளிநாட்டிலிருந்து வந்த இன்சுலின் பம்ப் சிலவற்றை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதில் ஒன்று என் இடுப்புக்கு வந்தது. பேஜர் அளவுதான் இருக்கும். அதிலிருந்து சேமியா போல ஒரு குழாய் வயிற்றுக்குப் போகும். நாள் முழுக்க மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும். சாப்பிடும் நேரத்தில் மட்டும் நாமே பட்டனை அமுக்கிக் கூடுதலாக அனுப்ப வேண்டும். சோறு கண் முன்னால் இருந்தால்தான் பட்டனைத் தொட வேண்டும் என்று டாக்டரம்மா மலாயில் மூன்று தடவை சொன்னார். நான் நான்கு தடவை தலையாட்டினேன்.

புக்கிட் ரம்பாயில் நான் வேலை செய்த தொழிற்சாலையின் கேண்டீனில் அதற்குப் பிறகு வேறு பேச்சே இல்லை. தட்டில் சோறு விழுந்ததும் சட்டையைத் தூக்கி மெஷினைக் காட்டிவிட்டுத்தான் அமுக்குவேன். 'உள்ள கம்ப்யூட்டர் இருக்குலா' என்று சொல்லிக்கொள்வேன். (உள்ளே என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.) மூன்று நாளைக்கு ஒரு தடவை குழாயை மாற்றக் குத்திக்கொள்வதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டிலிருந்த ஊசிகளை வீசிவிடச் சொன்னேன். இருந்துவிட்டுப் போகட்டும் என்று லெட்சுமி அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அலமாரி மேல் வைத்தாள்.

ஊசித் தொல்லை தீர்ந்ததற்கு நன்றியாக மாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். பெம்பான் டவுனைத் தாண்டி உள்ளே, நான் பிறந்த எஸ்டேட்டுக் கோயிலில். குடத்துப் பால் அம்மன் மேல் விழும்வரை பச்சைத் தண்ணீர் மட்டும்தான் குடிப்பேன் என்பது வேண்டுதல். டாக்டரிடம் கேட்டீர்களா என்று லெட்சுமி கேட்டாள். சாமி காரியத்துக்கு டாக்டரிடம் எதற்கு பெர்மிட் என்று நான் மடக்கினேன். அவள் எழுந்து போய் அந்தப் பிஸ்கட் டின்னைத் தூசி தட்டி வைத்தாள். எங்கள் வீட்டில் அது நல்ல சகுனம் கிடையாது.

திருவிழா அன்று ஆற்றங்கரையில் குளித்து, மஞ்சள் வேட்டி கட்டிக் குடத்துக்காக நின்றேன். பூசைத் தட்டோடு பாப்பாத்தி அத்தை வந்தார். என் அப்பாவின் அக்கா. கோயிலில் பெண்கள் பக்கம் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் கண் நேராக என் இடுப்பில் இருந்த பம்ப்பின் உறை மேல் விழுந்தது.

"என்னடா மணியம் அது, தோல் பை மாதிரி? மாட்டுத் தோலோடவா அம்மாவுக்குப் பால் எடுக்கப் போற?"

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அந்த உறை எதில் செய்தது என்று நான் யோசித்ததே இல்லை. உடனே மெஷினை உருவி, உறையைத் தூரத்தில் போட்டுவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பளபளவென்று மெஷின் கையில் இருக்கிறது, சுற்றிலும் நாற்பது பேர் பார்க்கிறார்கள். கோயில் தலைவர் மாமா கிட்டே வந்து, இது எப்படியப்பா வேலை செய்யுது என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குத்தானே நான் பிறந்ததே? இதோ இப்படி மாமா, என்று அமுக்கினேன். 'பீப்' என்றது. தலைவர் மாமா கண்ணாடி கொண்டுவரவில்லை, சரியாகத் தெரியவில்லை என்றார். இன்னொரு தடவை அமுக்கினேன். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்காக மூன்றாவது தடவை. சும்மா அமுக்குவது போல நடிக்கலாம் என்ற அறிவு அப்போது எனக்கு வரவில்லை. சோறு கண் முன்னால் இல்லை, வயிற்றிலும் இல்லை. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கான மருந்தை உள்ளே அனுப்பிவிட்டு, மெஷினை மஞ்சள் துணியில் சுருட்டி இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, குடத்தைத் தலையில் ஏற்றினேன்.

ஆற்றங்கரையிலிருந்து கோயிலுக்குச் செம்மண் பாதையில் இரண்டு மைல். நல்ல வெயில், வெறுங்கால், முன்னால் உருமி மேளம். பாதி வழியில் எனக்கு வியர்த்துக் கொட்டியது. மேளச் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. கை நடுங்கியது, காரணமில்லாமல் கண்ணீர் வந்தது. பக்தி என்றால் இதுதான் போலிருக்கிறது, இத்தனை வருசம் நமக்குத் தெரியவில்லையே என்று மனம் உருகினேன்.

பிறகு முழங்கால் மடங்கியது. தலைவர் மாமா பாய்ந்து குடத்தைப் பிடித்துக்கொண்டார். நான் நடுரோட்டில் மண்டியிட்டு ஆடிக்கொண்டிருந்தேன். எனக்கு அருள் வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். தங்கள் மேள அடியில்தான் சாமி இறங்கியது என்ற சந்தோசத்தில் உருமிக்காரர்கள் என்னைச் சுற்றி நின்று இன்னும் வேகமாக அடித்தார்கள். என் வாயில் வேப்பிலையைத் திணித்தார்கள். (உலகத்தில் எனக்கு அந்த நேரம் வேண்டாத ருசி ஒன்று உண்டென்றால் அதுதான்.) ஒருவர் தன் மகளுக்கு டீச்சர் வேலை கிடைக்குமா என்று கேட்டார். நான் ஏதோ பதில் சொன்னேனாம். அந்தப் பெண் இன்று தலைமையாசிரியை.

அத்தை தட்டோடு முன்னால் வந்து, தாயே என்ன வேண்டும் என்று கேட்டார். அந்தத் தட்டில் ஒரு கிண்ணம் பஞ்சாமிர்தம் இருந்தது. என் உயிர் அந்தக் கிண்ணத்தில் இருப்பது எனக்கு மட்டும் தெரிந்தது. இருந்த தெம்பையெல்லாம் கூட்டி, "பஞ்சாமிர்தம்... குடுங்க" என்றேன்.

தலைவர் மாமா கொடுக்கச் சொன்னார். அத்தை தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"கேக்குறது அம்மாதான். ஆனா ஒடம்பு மணியம் ஒடம்பாச்சே. இவனுக்கு இனிப்பு ஆகாது."

"சாமி திங்கிறது ஒடம்புல ஒட்டாதுக்கா."

"அம்மா மலையேறிப் போயிருவா. சீனி யாருகிட்ட நிக்கும்? நீயா வந்து பாப்ப?"

அத்தையைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அவர் புருசன் இதே வியாதிக்கு ஒரு காலைக் கொடுத்தவர். சாமியே கேட்டும் தம்பி பிள்ளைக்கு இனிப்புக் கொடுக்க மறுத்த பாசம் அது. ஆனால் அந்தப் பாசத்தில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

அந்த நேரத்தில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு லெட்சுமி வந்தாள். ஊசிக் காலத்தில் இரண்டு தடவை என்னை இப்படிப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். தண்ணீர்ப் பந்தலிலிருந்து ரோஸ் சிரப் ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருந்தாள்.

"சாமி இல்ல அத்தை. இவருக்குச் சீனி கொறைஞ்சிருச்சு. தள்ளுங்க."

பஸ்ஸில் வழி கேட்பது போலத்தான் சொன்னாள். அம்மா முன்னால் இப்படிப் பேசாதடி என்று அத்தை அவள் கையைப் பிடித்தார்.

"அம்மாதான் என்னை ஓட வச்சா" என்றாள் லெட்சுமி.

அத்தை கையை விட்டுவிட்டார். லெட்சுமி என் தாடையைப் பிடித்து, முழுங்குங்க, முழுங்குங்க என்று சொல்லிச் சொல்லி வாய் வாயாகக் கொடுத்தாள். பாதி உள்ளே போனது, பாதி மேலே வழிந்தது. பத்து நிமிசத்தில் மரங்கள் மரங்களாகத் தெரிந்தன. மனுசனாகத் திரும்பி நான் பேசிய முதல் வார்த்தை, என் புது வேட்டியில் யார் சிரப் ஊற்றியது என்பதுதான்.

மெஷினைக் கழற்றி, பிஸ்கட்டும் கையுமாக என்னை ஒரு வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வேண்டுதல் பாதியில் நின்றுவிட்டதே என்று நான் அழுதேன். லெட்சுமி குடத்தை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். அவளும் எனக்காகக் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பதே எனக்கு அப்புறம்தான் தெரியும்.

மறுநாள் டாக்டரம்மா கோபப்படவில்லை. மெஷின் மேல் தப்பில்லை, நீ அமுக்கியதைத்தான் அது செய்தது என்றார். ஒழுங்காக வைத்துக்கொள்வதானால் இன்னும் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். நான் மெஷினை மேசையில் வைத்து, ஊசியே போதும் டாக்டர் என்றேன். ஏன் என்று கேட்டார். ஊசியை யாரிடமும் காட்டிப் பெருமை அடிக்க முடியாது என்றேன். அவர் சிரித்துவிட்டார். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. மெஷின் வந்த பிறகு என் மருந்து எனக்கு மட்டும் தெரிந்த காரியமாகிவிட்டது. ஊசி என்றால் அதில் இரண்டு பேர்.

அன்று மாலை லெட்சுமி தோசைத் தட்டை முதலில் வைத்தாள். பிறகு பிஸ்கட் டின்னை இறக்கினாள். புது மருந்து போத்தலை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடினாள். எட்டு மாசம் கழித்துப் போட்ட ஊசி நன்றாகவே வலித்தது. நான் முகம் சுளிக்கவில்லை.

அத்தை சாகும்வரை, அன்றைக்கு வந்தது அம்மன்தான், இவள்தான் சிரப் ஊற்றி அனுப்பிவிட்டாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டிலோ நான் கொஞ்சம் குரலை உயர்த்தினாலும், டிவி பார்த்துக் கண் கலங்கினாலும், பிள்ளைகள் கேட்பது ஒரே கேள்விதான். "அப்பா, சாமியா சீனியா?"

போன வருசம் மகள் கல்யாணம். தாரை வார்க்கும்போது என் கை நடுங்கியது. கண்ணிலும் தண்ணீர். பக்கத்தில் நின்ற லெட்சுமி குனிந்து மெதுவாக அதே கேள்வியைக் கேட்டாள். ரெண்டும் இல்லை என்று தலையாட்டினேன். அவள் நம்பவில்லை. கல்யாண ஆல்பத்தில் அந்தப் படம் பெரிதாக இருக்கிறது. மணமக்கள் கைகோத்து நிற்கிறார்கள், ஐயர் மந்திரம் சொல்கிறார், பெண்ணின் தகப்பன் பட்டு வேட்டியோடு நின்று அட்டைப் பெட்டியில் வந்த ரோஸ் சிரப்பை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிக்கொண்டிருக்கிறான்.